இரண்டாவது ஸ்லாப்

அவர் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாக சைக்கிளைத் திருப்புவார். முன்சக்கரம் தெருவைப் பார்த்து நின்றால்தான் அவருக்கு மனசு ஆறும். அதன் பிறகுதான் மணியடிப்பது, செருப்பைக் கழற்றுவது, கேரியரில் கட்டியிருக்கும் சி.டி. பையை அவிழ்ப்பது எல்லாம். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்றால், அதில் ஒருவர் சைக்கிளைத் திருப்பி முடிப்பதற்குள் இரண்டு பக்கத்து ஆட்டோக்காரர்களும் சேர்ந்து அவருடைய பரம்பரையையே விசாரித்துவிடுவார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல் திருப்புவார்.

“போகும்போது திருப்பிக்கலாமே, சேட்டா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போகும்போது ஓட வேண்டி வந்தா?” என்றார்.

யாரையும் ஓடவைக்கும் சம்பவம் எதுவும் எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததில்லை, என் கட்டுரைகளை நான் வாய்விட்டுப் படித்த சந்தர்ப்பங்களைத் தவிர.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. உங்களைப் பற்றி ஒருநாள் எழுதுவேன் என்று நான் மிரட்டியபோது, “எழுதுங்க சாரே, கொழப்பமில்ல. பேர் மட்டும் வேண்டா. அச்சுல ஏறினா பின்ன அழிக்க முடியாதல்லோ” என்றார். திரும்பி வர முடியாத எதையும் அவர் செய்வதில்லை. அவரை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் அந்த வரி இதுதான். அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் ஏன் எழுத்தாளனாகிறேன்?

முனிசிபாலிட்டி சுகாதாரப் பிரிவில் அவருக்கு வேலை. கானா சுத்தம் செய்கிறவர். தெருவோரமும் தெருவுக்கு அடியிலும் ஓடும் சாக்கடைக்கு இந்த ஊரில் கானா என்று பெயர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. தாத்தாவை அந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். என் தாத்தாவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான், மிளகு மண்டியில் குமாஸ்தா வேலைக்கு. இரண்டு தாத்தாக்களும் ஒரே ரயிலில் வந்திருக்கக்கூடும். ஒரே பெட்டியில் வந்திருக்க மாட்டார்கள்.

நான் அவரைச் சேட்டா என்று கூப்பிட்டதற்கும் காரணம் இருக்கிறது. தமிழில் கூப்பிடுவதென்றால் அண்ணே என்பதா, பெயரைச் சொல்வதா, வாங்க என்பதா, வா என்பதா என்று நூறு வருஷத்துச் சங்கதிகளை யோசிக்க வேண்டும். மலையாளம் அந்தத் தொல்லையிலிருந்து என்னைக் காப்பாற்றியது. என்னுடைய முற்போக்கில் பாதி இப்படி மலையாளத்தில் இரவல் வாங்கியதுதான். அவர் வரும்போதெல்லாம் சாயா, அதாவது டீ, வேண்டுமா என்று என் மனைவி கேட்பாள். “குடிச்சிட்டுதான் வந்தேன், சேச்சி” என்பார். ஒவ்வொரு முறையும் அதே பதில். ஒரு மனிதர் இத்தனை சாயாவை எங்கேதான் குடித்துவிட்டு வருகிறார் என்று நான் யோசித்ததில்லை. எந்த டம்ளரில் கொடுப்பது என்று நாங்கள் யோசிக்காமல் இருப்பதற்கு வசதியாகவே அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் தாமதமாக விளங்கியது. எனக்கு எல்லாமே அப்படித்தான்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு குப்பைக் குவியலின் இரண்டு கரைகளில். தொண்ணூறுகளின் கடைசி. பஜார் ரோட்டில் நான் வேலை பார்த்த மிளகு கம்பெனியில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதைத் தூக்கிக் கிடங்கின் வாசலில், சுக்குச் சாக்குகளின் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். காலையில் தெருவைச் சுத்தம் செய்ய வந்தவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “இது வேண்டாத்ததா, சாரே?” என்றார்.

“ஆமாம், எடுத்துக்கோங்க.”

“ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் கொடுங்க. நான் இதைக் கேரியர்ல வெச்சுப் போனா, வழில நிறுத்துவாங்க.”

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. நான் கேரியரில் யானையை வைத்துக்கொண்டு போனாலும் என்னை யாரும் நிறுத்தியதில்லை. அழகான ஆங்கிலத்தில், கம்பெனி முத்திரையோடு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு நாலைந்து ஃபிளாப்பிகளோடு வந்து நின்றார். “உங்க கம்பெனிக் கடிதாசி எல்லாம் உள்ள இருந்தது, சாரே. அழிக்கறதுக்கு முன்ன கேக்கணுமல்லோ. காப்பி எடுத்தாச்சு.” கடைசி ஃபிளாப்பியைத் தனியாக நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். “இதுல ஒரு கதை இருக்கு. முப்பது பக்கம். உங்க பேர் போட்டிருக்கு.”

ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், யாருக்கும் தெரியாமல் நான் எழுதிக் கைவிட்ட நாவல் அது. அவசரமாக, “அதை அழிச்சிடுங்க” என்றேன்.

“படிச்சேன்” என்றார். சற்று யோசித்தார். “அழிக்க வேண்டா. ஒரு ஓரமா கிடக்கட்டும்.”

அந்த நாவலுக்குக் கிடைத்த ஒரே விமரிசனம் அதுதான். நியாயமான விமரிசனம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட விதமும் இப்படித்தான். சாமான்களைத் தூக்கிப் போடுகிறவர்கள் அவற்றோடு வந்த கையேட்டையும் உறை பிரிக்காமலே போட்டுவிடுவார்கள். அவர் அதை எடுத்துப் படித்தார். அந்தக் காலத்து மட்டாஞ்சேரியில் கம்ப்யூட்டர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஐந்தாறு வருடத்தில் போர்ட் கொச்சி ஓட்டல்காரர்கள்கூட அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். காலையில் கானா, மத்தியானத்துக்கு மேல் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர். காலையில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் மத்தியானம் ‘வரணும் வரணும்’ என்பார்கள். அவர் இரண்டு வேளையும் ஒரே முகத்தோடுதான் இருந்தார்.

என் மடிக்கணினிக்கு வருகிறேன். அது வந்தபோது என் மகள் பத்தாம் வகுப்பு. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் அப்போது கம்ப்யூட்டர் பாடம் லினக்ஸில். செய்முறைப் பரீட்சையும் அதில்தான். எனக்கோ விண்டோஸ் வேண்டும். அதிலும் பழைய விண்டோஸ் வேண்டும், ஏனென்றால் பத்து வருடமாக நான் தமிழ் அடித்துப் பழகியிருந்த கிழட்டு மென்பொருள், மடிக்கணினியோடு வந்த புது விண்டோஸில் ஏற மறுத்தது. ஆக ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம் வைக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டேன்.

சைக்கிளைத் திருப்பிவிட்டு வந்து, கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் மாதிரி விசாரிக்கத் தொடங்கினார்.

“சாருக்கு இது எதுக்கு?”

“தமிழ் அடிக்க.”

“பின்ன?”

யோசித்துப் பார்த்தேன். “பின்ன... தமிழ் அடிக்கத்தான்.”

“மோளுக்கு?”

“ஐ.டி. பிராக்டிகலுக்கு, அங்கிள். அப்புறம் எனக்கு அந்தக் க்யூப் வேணும்” என்றாள் என் மகள். அப்போது புதிதாக வந்திருந்த லினக்ஸில் ஒரு வித்தை இருந்தது. திரை கனசதுரமாக மாறிச் சுழலும். ஜன்னலைப் பிடித்து இழுத்தால் அல்வாத் துண்டு மாதிரி ஆடும். அவளுடைய தோழி வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எர்ணாகுளத்துக்குப் படகேறிப் போய், இலவச சி.டி. ஒட்டிய கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அந்த மாதம்தான் வெளிவந்த, மிகப் புதிய லினக்ஸ். அட்டையிலிருந்து பிய்த்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே பார்த்தார்.

“இது மழை பாக்கல, சாரே.”

“என்னது?”

“ஒரு மழைக்காலம் தாண்டாத வெர்ஷனை நான் யார் வீட்லயும் போடறதில்ல. மே மாசம் பாருங்க, இந்த ஊர்ல எல்லா கானாவும் நல்ல கானாதான். சிமெண்ட் பூசி, போர்டு வெச்சு, மாலை போட்டுத் திறந்து வெச்சிருப்பாங்க. ஜூன்ல தெரியும்.” பையிலிருந்து வேறொரு சி.டி.யை எடுத்தார். “இது போன வருஷத்தது. ரெண்டு மழை பாத்தாச்சு. மூணு வருஷம் ஓட்டை அடைச்சுக் கொடுப்போம்னு சொல்லித்தான் இதை விட்டிருக்காங்க. புதுசு அப்படியில்ல, ஆறு மாசத்துக்கு ஒண்ணு வரும், வந்ததுக்கு ஆயுசு கம்மி. பழகற ஆளுக்கு இது மதி, இது போதும்.”

“அதுல க்யூப் வருமா?” என்றாள் மகள்.

“வராது, மோளே. பரீட்சைல க்யூப் கேப்பாங்களா?”

“இல்ல.”

“பின்ன அது சுத்தலைன்னா நமக்கென்ன?”

நான் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் அடுத்த கேள்வியைப் போட்டேன். “முப்பத்திரண்டு பிட், அறுபத்திநாலு பிட் என்று இரண்டு இருக்கிறதாமே? அறுபத்திநாலு பெரிசுதானே?”

“முப்பத்திரண்டு மதி. தெய்வமே நமக்குப் பல்லு முப்பத்திரண்டுதான் வெச்சிருக்கு.”

“அதையே இவர் ஒழுங்காத் தேய்க்கறதில்ல” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் எதையும் உடனே போட்டுவிடவில்லை. முதலில் சி.டி.யிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தார். சத்தம் வருகிறதா, இணையம் பிடிக்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பழைய விண்டோஸ். அதன் பிறகே லினக்ஸ். இந்த வரிசை மாறக்கூடாது என்றார். “விண்டோஸ் வந்து உக்காந்தா, வீட்ல வேற யாராவது இருக்காங்களான்னு பாக்காது. லினக்ஸ் பின்னால வந்தாலும் இருக்கறவங்களை விசாரிச்சிட்டு, கொஞ்சம் தள்ளி உக்காரும்.”

எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பாடு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் மட்டும் போட்டால் என்ன, நானும் புதிதாகப் பழகிக்கொள்கிறேன் என்றேன். வீராவேசமாகத்தான் சொன்னேன்.

அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

“பஜார் ரோட்டுக்கு அடில ஒரு கானா குறுக்கால போகுதல்லே, சாரே. ஆள் இறங்கித்தான் வாரணும். இந்தப் பக்கம் ஒரு ஸ்லாப், அந்தப் பக்கம் ஒரு ஸ்லாப். ரெண்டு கல்லையும் தூக்கி வெச்சிட்டுத்தான் இறங்குவேன். சூப்பர்வைசர் கத்துவார். ரெண்டாவது ஸ்லாப் தூக்க நாலு ஆள் வேணும், அரை மணி நேரம் போகும், வண்டி நிக்கும். கத்தட்டும். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும் எனக்கு.”

“ஒன்றைத் தூக்கினால் போதாதா?”

“எங்கண்ணன் ஒண்ணுதான் தூக்கினான்” என்றார்.

பிறகு திரும்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 

முடித்துவிட்டுப் போகும்போது என் கோப்புகள் அத்தனையையும், அந்த முப்பது பக்க நாவல் உட்பட, குப்பையிலிருந்து மீட்ட பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, செய்தித்தாளில் பொதிந்து, நூல் கட்டி, என் மனைவியிடம் கொடுத்துப் பரணில் வைக்கச் சொன்னார். வெண்கலப் பானைக்குள் அது போய் உட்கார்ந்தது. அன்றுமுதல் மடிக்கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். லினக்ஸா, விண்டோஸா? பத்து விநாடி அவகாசம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் லினக்ஸுக்குப் போய்விடும். “மோளுக்குப் பரீட்சை. அவளுக்கு நேரம் மெனக்கெடக் கூடாது. சாருக்குன்னா ஒரு பட்டனை அமுக்க நேரமிருக்கும்” என்றார். என் வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாக யாரும் மதிப்பிட்டதில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு ஹர்த்தால். கடை இல்லை, பஸ் இல்லை, படகு இல்லை. இந்த ஊரில் ஹர்த்தால் அன்றைக்கு ஆண்கள் வீட்டில் இருந்துகொண்டு ஏதாவது ஒன்றைக் கெடுப்பது வழக்கம். சிலர் மிக்ஸியைக் கழற்றுவார்கள். நான் அந்த இலவச சி.டி.யை எடுத்தேன். மகளுக்குக் க்யூப் சுழற்றிக் காட்டி அப்பன் யாரென்று நிரூபிக்க வேண்டும் என்று ஆசை.

முதல் கேள்வியாக எந்த மொழியில் நிறுவ வேண்டும் என்று அது கேட்டது. பட்டியலில் தமிழ் இருந்தது. மூன்று தலைமுறையாக மலையாளக் கரையில் கிடந்து, ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை மலையாளத்தில் வாசித்துக் கழிக்கிறவனுக்கு, ஒரு இயந்திரம் தன் தாய்மொழியில் பேச முன்வந்தால் எப்படி இருக்கும்? கண் கலங்கிவிட்டது. தமிழை அமுக்கினேன்.

“அப்பா, இதென்னா எழுதியிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியல. இங்கிலீஷ்ல போடு, இல்லாட்டி மலையாளத்துல” என்றாள் மகள்.

“வீட்டில் ஒருவனாவது தமிழனாக இருக்க வேண்டாமா?” என்றேன்.

நாலாவது திரைவரை தமிழனாகத்தான் இருந்தேன். ஐந்தாவது திரையில் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, எப்படிப் பிரிப்பது என்று மூன்று வழிகள் கொடுத்திருந்தது. கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றன. அப்படியே நேராக நின்றிருந்தாலும் பயனில்லை. இருபது வருடம் தமிழில் எழுதிப் பெயர் வாங்கியவனுக்கு அந்த மூன்று தமிழ் வாக்கியங்களில் ஒன்றுகூடப் புரியவில்லை. மகளிடம் கேட்கலாமென்றால் அவளால் படிக்க முடியாது. இங்கிலீஷுக்குத் திரும்பலாமென்றால் மானம் போய்விடும். முதல் வழி ஏற்கெனவே புள்ளி வைத்து நின்றது. சரி, அதற்கே தெரிந்திருக்கும் என்று அமுக்கினேன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மடிக்கணினி மறுபடியும் விழித்தபோது அந்த இரண்டு வரிக் கேள்வி வரவில்லை. நேராக உள்ளே போய்விட்டது. க்யூப் சுழன்றது. அற்புதமாகச் சுழன்றது. அதன் எந்தப் பக்கத்திலும் என் கட்டுரைகள் இல்லை, மகளின் பாடங்கள் இல்லை, விண்டோஸே இல்லை.

“அப்பா, என் பிராக்டிகல் ஃபைல்?” என்றாள். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

ஹர்த்தாலில் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. அவரைக் கூப்பிட்டேன், ஒரு மணி நேரத்தில் வந்தார். சந்து காலியாகக் கிடந்தது. அப்போதும் திருப்பிவிட்டுத்தான் நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

“சேச்சி, பரண்ல அந்தப் பொதி இருக்கல்லோ?” என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தது. பழைய விண்டோஸ், இரண்டு மழை பார்த்த லினக்ஸ், பத்து விநாடி மெனு, எல்லாம் பழையபடி. மகளின் ஃபைலில் பாதிதான் போயிருந்தது, அதையும் அவர் உட்காரவைத்து மறுபடி செய்யவைத்தார். நகலெடுத்த பிறகு நான் எழுதியிருந்த இரண்டு கட்டுரைகள் போனது போனதுதான். அது நஷ்டக் கணக்கில் வராது என்று மனைவி சொன்னாள். நாவல் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது. அவருடைய முறையில் நான் கண்ட ஒரே குறை இதுதான். எதைக் காப்பாற்றக்கூடாது என்று அதற்குத் தெரியாது.

இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல முடியும்.

அவருக்கு ஒரே மகள். மனைவி இல்லை. முனிசிபாலிட்டி குவார்ட்டர்ஸில் இருவரும் இருந்தார்கள். அந்தக் காலனியில் எழுதாத ஒரு ஏற்பாடு உண்டு. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருக்கும்வரை வீடு இருக்கும். அதனால் பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் பதிலி ஆட்கள் பட்டியலில் பெயரைக் கொடுத்துவைப்பார்கள். யாராவது லீவு போட்டால் பதிலியைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போக வேண்டும். போய்க்கொண்டே இருந்தால் ஒருநாள் வேலை நிரந்தரமாகும், வீடும் தங்கும். அவர் ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது. மகளுக்கு அந்த வருடம் பதினெட்டு. அதே வருடம் வடக்கே, கண்ணூர்ப் பக்கத்து அரசாங்க இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைப் பார்த்து உட்கார்ந்தார். சி.டி. பையைத் திறந்து, கடைசி உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பதிலிப் பட்டியல் விண்ணப்பம். மலையாளத்தில் மகளின் பெயரை அவரே அழகாக எழுதியிருந்தார்.

“இவளை எனக்குத் தெரியும்னு ரெண்டு பேர் ஒப்புப் போடணும், சாரே. ஒண்ணு நீங்க.”

“அவள் இன்ஜினியர் ஆகப்போகிறாள், இது எதற்கு சேட்டா?”

“பாதில திரும்பி வந்தா? படிப்பு பிடிக்கலைன்னா? அங்கத்து இங்கிலீஷ், அங்கத்து ஹாஸ்டல்... அப்ப நிக்க ஒரு வீடு வேணுமல்லோ.”

எனக்கு அன்றைக்கு ஞானம் பொங்கியது. “சரிதான், நீங்கள் சொல்வதுதானே? ஒரு வழி இருக்கட்டும். ரெண்டு ஸ்லாப்!” என்று அவருடைய வாசகத்தை அவருக்கே எடுத்துக் கொடுத்துவிட்டு, புத்தகம் கொடுக்கும்போது போடுகிற பெரிய கையெழுத்தாகப் போட்டேன்.

அவர் கையெழுத்து காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பாவும் என் பேரை இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். ஒரு வழிக்குக் கிடக்கட்டும்னு. பத்தாம் கிளாஸ் பாஸானேன். ரிசல்ட் வந்து நாலாம் நாள் கூப்பிட்டாங்க” என்றார்.

 சாயா குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார்.

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, போகாமல் நின்றார். “மோளுக்கு லாப்டாப் வந்திருக்கு, சாரே. எந்த வெர்ஷன் போடலாம்?”

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் யோசனை அது. அதுவும் யாரிடம்? ஹர்த்தால் அன்று தன் மடிக்கணினியையே துடைத்துப் போட்டவனிடம். “இரண்டு மழை பார்த்ததைப் போடுங்கள், விண்டோஸும் கிடக்கட்டும்” என்றேன். அவர் பாடத்தை அவருக்கே ஒப்பித்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் சந்திலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தைக் கடக்க எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் உடல் பிரித்த கம்ப்யூட்டர்கள். மகள் ஒல்லியாக, அப்பாவைப் போலவே நேராகப் பார்க்கிற பெண்.

“அங்கிள், சாயா?”

‘குடிச்சிட்டுதான் வந்தேன்’ என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அது எங்கிருந்து வந்தது, அதை இத்தனை வருடம் யார் யாருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு விநாடியில் விளங்கிவிட்டது. “கொடும்மா” என்றேன்.

மடிக்கணினி மேஜைமேல் இருந்தது. “மூணு வாரமா இதே வேலை, அங்கிள். ஒண்ணு போடுவார், ஓட்டிப் பார்ப்பார், அழிப்பார். பின்ன வேற ஒண்ணு. எனக்குத் தொடவே கொடுக்கல” என்று அப்பாவைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே அதைத் திறந்தாள்.

கறுப்புத் திரையின் இரண்டு வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நேராக உள்ளே போய்விட்டது. அந்தக் காட்சி எனக்குப் பழக்கம். 

“சேட்டா, மெனு எங்கே?”

“இல்ல.”

“விண்டோஸ்?”

“அழிச்சாச்சு.”

“இது எந்த வெர்ஷன்?”

“இந்த ஏப்ரல்ல வந்தது. அவளே எடுத்தா.”

“மழையே பார்க்காததா?”

“ஜூன்லேர்ந்து பெய்யுதல்லோ. அது பாத்துக்கும்.”

“நகலாவது எடுத்திருக்கிறீர்களா?”

“இல்ல சாரே.”

சாயா புரையேறியது. சைக்கிளைத் திருப்பாமல் ஒரு வீட்டுக்குள் நுழையாத மனிதர். “ரெண்டு ஸ்லாப் தூக்காமல் இறங்க மாட்டேன் என்று நீங்கள்தானே...”

“அது இறங்கறவனுக்கு, சாரே” என்றார் அவர். மகளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் காலனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ இறங்கலையே.”

பெண் எதையோ அமுக்கினாள். திரை கனசதுரமாகி மெல்லச் சுழன்றது. அவர் திரும்பி அதை ஒரு நிமிஷம் ரசித்துப் பார்த்தார்.

“அப்படியானால் அந்த விண்ணப்பம்?” என்றேன்.  “இரண்டு வருஷத்தில் இந்த வீடு போய்விடுமே?”

“போகும். இடக்கொச்சில வாடகைக்கு ஒரு முறி, சின்ன ரூம், சொல்லி வெச்சிருக்கேன். ஒரு ஆளுக்கு மதி.”

“விண்ணப்பத்தைக் கொடுக்கவே இல்லையா?”

அவர் மேஜையின் கீழே காட்டினார். குனிந்து பார்த்தேன். ஒரு கால் குட்டையான மேஜை. ஆடாமல் இருக்க, ஒரு காகிதத்தை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்திருந்தது. மடிப்பின் வெளிப்பக்கத்தில் என் கையெழுத்து, பெரிசாக, ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது. இத்தனை வருடம் எழுதிக் குவித்ததில் ஒரு பாரத்தைத் தாங்கியது அது ஒன்றுதான்.